எண்ணுக்குப் பெயர் வைத்த வாரம்

நான் வேலை பார்க்கும் இன்டர்நெட் கம்பெனி மந்தைவெளியில் ஒரு காபிப் பொடிக் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. கம்பெனி என்றதும் கண்ணாடிக் கட்டடத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். மயிலாப்பூர், மந்தைவெளி, அபிராமபுரம் பக்கம் கம்பத்துக்குக் கம்பம் கறுப்புக் கேபிள் தொங்குகிறதே, அதில் ஒன்று எங்களுடையது. லைன் ஆட்கள் நாலு பேர், போன் எடுக்க ஒரு பெண், சர்வர் அறையைப் பார்த்துக்கொள்ள நான், எங்கள் எல்லோரையும் பார்த்துக்கொள்ள முதலாளி. முதலாளியைச் சார் என்போம். பஞ்சாங்கம் பார்க்காமல் பத்தடி கேபிள்கூட இழுக்க விடமாட்டார். எனக்கோ பொறுமை என்பதே கிடையாது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் என் அம்மாவும் மாமியாரும் ஒரே கருத்து உடையவர்கள்.

இன்டர்நெட்டில் இருக்கும் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு எண் உண்டு. ரொம்ப நாள் வரை வேறொரு பெரிய கம்பெனியின் எண்களை வைத்துத்தான் காலம் தள்ளினோம். பிறகு சார், இந்த எண்களைப் பங்கிட்டுக் கொடுக்கும் வட்டாரப் பதிவகத்தில் உறுப்பினராகச் சேர்ந்து, எங்களுக்கென்றே ஒரு கட்டு எண்கள் வாங்கினார். அன்று முதல் எங்களையே 'உள்ளூர்ப் பதிவகம்' என்று அவர்கள் கடிதத்தில் குறிப்பிட ஆரம்பித்தார்கள். சாருக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் கடிதத்தை அச்செடுத்து, சட்டம் போட்டு, பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். எல்லோருக்கும் சர்க்கரைப் பொங்கல்.

பொங்கல் சாப்பிட்ட கையோடு செய்திருக்க வேண்டிய வேலை ஒன்று இருந்தது. பெயரைச் சொன்னால் எண்ணைச் சொல்வது இன்டர்நெட்டின் ஒரு பக்கம். எண்ணைச் சொன்னால் பெயரைச் சொல்வது மறுபக்கம். அதை நாங்கள் ரிவர்ஸ் என்போம். முதல் பக்கம் இல்லாவிட்டால் ஒன்றுமே ஓடாது என்பதால் அதை எல்லோரும் முதல் நாளே செய்துவிடுவார்கள். ரிவர்ஸ் இல்லாவிட்டாலும் சீரியல் ஓடும், கிரிக்கெட் ஓடும், பிள்ளைகளின் ஆன்லைன் டியூஷன் ஓடும். யாரும் போன் செய்து திட்ட மாட்டார்கள். யாரும் திட்டாததை நான் செய்வதில்லை. 'ரிவர்ஸ்' என்று எழுதி மேசையில் ஒட்டிய மஞ்சள் சீட்டு, பசை காய்ந்து கீழே விழுந்து, பெருக்குகிற அக்கா கையால் குப்பைக்கும் போய்ச் சேர்ந்தது. இப்படியே ஒரு வருஷம் ஓடிவிட்டது.

நவராத்திரி வாரத்தின் திங்கட்கிழமை காலையில் டெய்லர் பாய் மாடி ஏறி வந்தார்.

மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் பரதநாட்டிய உடை தைக்கும் கடை வைத்திருப்பவர். அரங்கேற்றம் வைக்கிற வீடுகளில் சபாவில் நாள் கேட்பதற்கு முன்னால் இவரிடம் நாள் கேட்பார்கள். அவருடைய பெண் காலேஜில் பாடம் எடுக்கிறாள். கடையின் ஆங்கிலக் கடிதங்களும் அவள் பொறுப்பு. வெளியூர் வாடிக்கையாளர்கள் நிறைய என்பதால் கடைப் பெயரிலேயே ஒரு மெயில் சர்வரைக் கடைக்குள் வைத்துக் கொடுத்திருந்தாள். அதற்கு எண் கொடுத்தது நாங்கள்.

பாய் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்து என் மேசையில் வைத்து நீவினார்.

"இன்னா மா இது? நான் லெட்டர் போட்டா, உன் வண்டவாளம் தெரியாது, உள்ள வராதேன்றான்."

திரும்பி வந்த மெயில். உங்கள் எண்ணுக்கு ரிவர்ஸில் பெயர் எதுவும் இல்லை, பெயரில்லாத எண்ணிலிருந்து வரும் கடிதங்களை வாங்குவதில்லை என்று எழுதியிருந்தது. குப்பைக்குப் போன மஞ்சள் சீட்டேதான்.

விஷயத்தைப் பாய் சொன்னார். வெளிநாட்டில் ஒரு நாட்டியக் குழு, எட்டுப் பெண்கள். காஞ்சிபுரத்தில் சொல்லி நெய்த மயில் கழுத்துப் பட்டு கடைக்கு வந்துவிட்டது. அதே நிறத்தில் இன்னொரு முழம் வேண்டுமென்றாலும் கிடைக்காது. அளவுச் சீட்டும் அவர்களே அனுப்பியிருந்தார்கள். அங்கேதான் பாய்க்குச் சந்தேகம். எட்டுப் பேரையும் நிற்க வைத்து அளந்திருந்தார்கள்.

"முன்னாடி மடிப்பு மடிப்பா விசிறி வெக்கறோமே மா, அது நிக்கறதுக்கா? முட்டிய மடக்கி அரைமண்டில உக்காந்தாதானே விரியும். நிக்க வெச்சு அளந்த அளவுக்கு வெட்னா, உக்காந்தா துணி பத்தாம பொசுக்குனு பூடும். உக்கார வெச்சு அளந்து அனுப்புங்கன்னு பொண்ணு மூணு லெட்டர் போட்டுச்சு. மூணும் திரும்பிக்கினு வந்துச்சு."

அங்கிருந்து வருகிற கடிதங்கள் மட்டும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன. கடைசியாக வந்தது கொஞ்சம் சூடு. இவ்வளவு நாளாகப் பதிலே இல்லை, வெள்ளிக்கிழமைக்குள் உறுதி செய்யாவிட்டால் வேலையை வேறு தையற்கடைக்குக் கொடுத்துவிடுவோம் என்று. பெண் தன்னுடைய சொந்த மெயிலிலிருந்து எழுதிப் பார்த்திருக்கிறாள். ஒப்பந்தத்தில் உள்ள முகவரியிலிருந்து வந்தால்தான் ஏற்போம் என்று தானியங்கிப் பதில். போன் செய்தால் பதிவு செய்த குரல் ஒன்று அழகாகப் பேசிவிட்டு வைத்துவிடுகிறது.

"வெட்றதா வேணாமான்னு தெரியாம பட்டை மடிச்சு வெச்சுக்கினு கீறேன் மா. வெள்ளிக்குள்ள ஆவுமா?"

"ஆகும் பாய். வெளிநாட்டுக்காரங்க இப்போல்லாம் ரொம்பக் கண்டிப்பு. நான் பேசி சரி பண்றேன்" என்றேன்.

பச்சைப் பொய். கண்டிப்பும் இல்லை, பேசுவதற்கும் ஒன்றும் இல்லை. தப்பு எங்கள் மாடியில், என் மேசையில். அதைச் சொல்ல வாய் வரவில்லை. பாய் என்னை நம்பி, காபி வேண்டாமென்று சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போனார். நான் உடனே பதிவகத்தின் பக்கத்தைத் திறந்தேன்.

வேலை என்னவென்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஆட்டோவில் ஏறினால் மயிலாப்பூர் என்போம், பிறகு தெரு, பிறகு வீட்டு எண். கடித உறையில் எழுதும்போது வீட்டு எண் முதலில் வரும், ஊர் கடைசியில். இன்டர்நெட் எண்கள் ஆட்டோ வரிசையில் இருக்கின்றன. ரிவர்ஸுக்கு அவற்றை உறை வரிசையில் திருப்பி எழுத வேண்டும். அப்படி எழுதிய பட்டியலை எங்கள் சர்வரில் வைத்துக்கொண்டால் மட்டும் போதாது. உலகத்தில் எவரும் முதலில் மேலே உள்ள பதிவகத்தைத்தான் கேட்பார்கள். அது, 'இந்தக் கட்டைப் பற்றி என்னைக் கேட்காதே, மந்தைவெளியில் போய்க் கேள்' என்று கைகாட்ட வேண்டும். கைகாட்டச் சொல்லி நாங்கள் விண்ணப்பிக்க வேண்டும். காட்டுகிற இடத்தில் நிஜமாகவே ஆள் இருக்கிறதா என்று ஒரு ரோபோ வந்து தட்டிப் பார்க்கும். ஒன்று படுத்துக்கொண்டால் மற்றது பதில் சொல்ல வேண்டும் என்பதால் இரண்டு சர்வர் கேட்கும்.

இதெல்லாம் பதிவகத்தின் பக்கத்தில் வரிசையாக எழுதியிருந்தது. நான் படிக்கவில்லை. அவசரத்தில் படிவத்தை முதலில் நிரப்பி அனுப்பிவிட்டேன். பட்டியலைப் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று எண்ணம். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, ரோபோ திருப்பி அனுப்பிவிட்டது. தட்டினேன், யாரும் பதில் சொல்லவில்லை என்றது. எங்கள் வீட்டில்கூட இவ்வளவு சீக்கிரம் என்னை யாரும் மறுத்துப் பேசியதில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பட்டியலை ஒழுங்காக எழுதி முடித்தேன். இரண்டு சர்வர் வேண்டும் என்பதற்காக ஒரே இயந்திரத்துக்கு இரண்டு பெயர் வைத்து அனுப்பினேன். ரோபோ ஏமாறவில்லை. இரண்டும் ஒரே வலையில், ஒரே இடத்தில் இருக்கின்றன என்று திருப்பிவிட்டது. எனக்கு மூக்கின் மேல் கோபம். பதிவகத்தின் உதவி முகவரிக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஒரு இயந்திரம் இன்னொரு இயந்திரத்தைப் பற்றிப் புகார் சொல்வதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க எனக்கு நேரமில்லை, மனிதர் யாராவது இருந்தால் பதில் போடவும் என்று. மனிதர் ஒருவர் இருந்தார். அரை மணியில் பதில் வந்தது. உங்கள் சிரமம் புரிகிறது, ஆனால் அந்த அறையில் மின்சாரம் போனால் இரண்டும் சேர்ந்தே போகும் அல்லவா, இரண்டாவதை வேறு இடத்தில் வைத்துப் பாருங்கள், நல்வாழ்த்துகள் என்று அவ்வளவு பணிவாக எழுதியிருந்தார். என் கடிதத்தைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது.

"வெளியே ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்துடலாமா சார்? பத்து நிமிஷ வேலை" என்று கேட்டேன்.

சார் ஏதோ கெட்ட வார்த்தையைக் கேட்டதுபோல நிமிர்ந்தார். "நம்ம பேரை நாமதான் சொல்லணும். ஆள் வெச்சா சொல்லிப்பா? மன்னி ஆத்துல ஒண்ணை வெச்சுட்டு வா. கரண்ட் போனாலும் அங்க இன்வர்ட்டர் இருக்கு."

சாரின் அண்ணி அபிராமபுரத்தில் இருக்கிறார். நாங்கள் மாமி என்போம். காலேஜில் கணிதப் பேராசிரியை. வீட்டில் எங்கள் இணைப்பு கிடையாது. மைத்துனர் கம்பெனியை நம்பாமல் வேறு கம்பெனியில் நிலையான எண்ணோடு வாங்கியிருக்கிறார். அதைப் பற்றிச் சாருக்கு நீண்ட நாள் வருத்தம். அன்றைக்கு அதுவே எங்களுக்கு வசதியாகப் போயிற்று.

டிபன் டப்பா அளவில் ஒரு சின்ன சர்வர் எங்களிடம் சும்மா கிடந்தது. அதைத் தூக்கிக்கொண்டு அபிராமபுரம் போனேன். இன்வர்ட்டரோடு இணைத்த பிளக் அந்த வீட்டில் இரண்டே இடத்தில்தான். ஒன்றில் ஃப்ரிட்ஜ். இன்னொன்று பூஜை அலமாரிக்குக் கீழே, சாமி விளக்குப் பல்புக்காக. அங்கே செருகினேன். பச்சை விளக்கு மினுக்க ஆரம்பித்தது.

மாமி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று பார்த்தார். "இது என்ன பண்ணும்?"

ரோபோவின் மேல் இருந்த எரிச்சலையெல்லாம் மாமியிடம் கொட்டிவிட்டு, "இதுல எல்லா நம்பருக்கும் பேர் எழுதி வெச்சிருக்கு மாமி. யார் எந்த நம்பரைக் கேட்டாலும் இது படிச்சுப் பதில் சொல்லும். ராத்திரி பகல்னு கிடையாது, படிச்சுக்கிட்டேதான் இருக்கும்" என்றேன்.

"பேஷ். என் ஸ்டூடன்ட்ஸும் இப்படி இருந்தா தேவலை" என்றார்.

அலுவலகத்துக்கு வந்து சோதித்துப் பார்த்தேன். இரண்டு சர்வரும் டாண் டாண் என்று பதில் சொல்லின. விண்ணப்பத்தை அனுப்பலாம் என்று உட்கார்ந்தால், இரண்டு முறை திரும்பி வந்ததைப் பார்த்த சார் பதிவகத்தின் கடவுச்சொல்லை மாற்றித் தன்னிடம் வைத்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு சரஸ்வதி பூஜை. இதைவிட நல்ல நாள் ஏது? கார்த்தால பண்ணிக்கலாம், இரு" என்றார் சார். கடவுச்சொல்லை எழுதிய சீட்டை மட்டும் என்னிடம் கொடுத்தார். காலையில் ஒன்பதுக்கு முன்னால் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு. நான் தொடவில்லை. ஏன் தொடவில்லை என்று இன்றைக்கும் என்னை நானே கேட்டுக்கொள்கிறேன்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு அலுவலகத்தில் ஆயுத பூஜை. ஏணி, கிரிம்பிங் கருவி, கேபிள் சுருள், லைன் ஆட்களின் பைக்குகள், சர்வர் அறை, எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். இணைப்பு நின்றால் ஊரே சண்டைக்கு வரும் என்பதால் சர்வர்களுக்கு மட்டும் லீவு கிடையாது. ஓடிக்கொண்டே பொட்டு வாங்கிக்கொள்ளும். பெயர்ப் பட்டியல் வைத்திருக்கும் முதல் சர்வரின் நெற்றியில் நானே என் கையால் குங்குமம் வைத்தேன். அப்போதாவது அந்த இரண்டாவது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். பொரியையும் கடலையையும் வாயில் போட்டுக்கொண்டு ஒன்பது மணிக்காகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பது அடித்தது. அனுப்பினேன். ரோபோ திருப்பியது. இரண்டாவது சர்வர் பதில் சொல்லவில்லை.

மாமிக்குப் போன் செய்தேன். "மாமி, அந்த மிஷின் ஆஃப் ஆயிருக்கா பாருங்க."

"பாக்கறதென்ன? நான்தான் ஆஃப் பண்ணேன். பூஜையில வெச்சாச்சு."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் வாசலில் பாய் நின்றுகொண்டிருந்தார், முடிந்ததா என்று கேட்க. நடந்ததைச் சொன்னேன். "வா மா, போய்ப் பாத்துக்கலாம்" என்று தன் ஸ்கூட்டரில் என்னை ஏற்றிக்கொண்டார்.

மாமி வீட்டு வாசலில் பெரிய கோலம். உள்ளே அலமாரிக்கு முன்னால் மணைப்பலகை போட்டு, கணிதப் புத்தகங்கள், மாமியின் வயலின், சயின்டிஃபிக் கால்குலேட்டர், திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டு எல்லாம் அடுக்கி, அடுக்கின் உச்சியில் எங்கள் சர்வர். அதன் மேல் ஒரு சின்னப் பட்டுத்துணி. துணிக்கு மேல் பொட்டு. பிளக் வயரை அழகாகச் சுருட்டி, அதற்கும் ஒரு முழம் பூ.

"மாமி, அது மிஷின்."

"ராத்திரி பகல்னு இல்லாம படிக்கறதுன்னு நேத்து யார் சொன்னா?"

"நான்தான். ஆனா..."

"இன்னிக்குப் படிக்கப்படாது. நானே படிக்கலை. பேப்பர் திருத்தறதுக்கு இருக்கு, அதையே தொடலை. நாளைக்குக் காத்தால புனர்பூஜை ஆனதும் எடுத்துக்கோ."

"ஒரே ஒரு நிமிஷம் மாமி. ரோபோ வந்து பாத்துட்டுப் போகட்டும், உடனே ஆஃப் பண்ணிடலாம்."

"கேக்கறவாளுக்கெல்லாம் விலக்கு கொடுத்தா அப்புறம் அது என்ன விதி? உன் ரோபோ உனக்கு விலக்கு கொடுத்துதா?"

கணிதப் பேராசிரியையிடம் வாய் கொடுத்தது என் தப்பு. உதவிக்குப் பாயைப் பார்த்தேன். அவர் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, தொன்னையில் மாமி கொடுத்த சுண்டலைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மா சொல்றது சரிதான் மா" என்றார் பாய். "நம்ம கடைலயும் இன்னிக்கு மிஷின் ஓடாது. நம்ம ஆளுங்க தையல் மிஷினுக்கெல்லாம் பொட்டு வெச்சு, கத்திரிக்கோலுக்கு மாலையே போட்டுகீறாங்க. முப்பது வருசமா நானும் இந்த நாள்ல தொட்டதில்ல. நாளைக்கே பண்ணிக்கோ."

"பாய், ஆர்டர் உங்களுது!"

"என்னுதுதான். அதுக்கு உனுக்கு இன்னாத்துக்கு மா இவ்ளோ கோவம்?"

மாமியும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நான் சுண்டலை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்கு ஏன் கோபம் என்று எனக்குத் தெரியும். இந்த மனிதருக்குக் கிடைத்த பெரிய ஆர்டர், நான் ஒரு வருஷமாகத் தள்ளிப்போட்ட அரை நாள் வேலையால் போகப்போகிறது. அவர் என் மேல் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். சுண்டல் நன்றாக இருக்கிறது என்று மாமியைப் பாராட்டிக்கொண்டிருந்தார். அழுகை வரும்போல இருந்தது. தேங்காய் போட்ட சுண்டல் வேறு, விக்கிக்கொண்டது.

வியாழக்கிழமை, விஜயதசமி. ஆறரை மணிக்கு மாமியின் போன். "புனர்பூஜை ஆயாச்சு. சீக்கிரம் வா."

போனபோது பிளக்கைச் செருகிவிட்டிருந்தார், ஆனால் என்னை உடனே கிளம்ப விடவில்லை. விஜயதசமி அன்று பூஜையிலிருந்து எடுத்ததும் ஆளாளுக்கு ஒரு பக்கமாவது படிக்க வேண்டும், இதுவும் படித்துக் காட்ட வேண்டும் என்றார். மடிக்கணினியைத் திறந்து, பாயின் எண்ணைத் திருப்பி எழுதி, அந்த டப்பாவிடம் கேட்டேன். பாயின் கடைப் பெயரைத் திரையில் சொன்னது. மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து, எழுத்துக் கூட்டிப் பார்த்தார்.

"நன்னா படிக்கறது" என்றார்.

அங்கேயே உட்கார்ந்து விண்ணப்பத்தை அனுப்பினேன். ரோபோ தட்டிப் பார்த்தது. மந்தைவெளி பதில் சொன்னது, அபிராமபுரம் பதில் சொன்னது. ஏற்கப்பட்டது என்று ஒரே வரி. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

பதிவகம் கைகாட்ட ஆரம்பிக்க இன்னும் சில மணி நேரம் ஆனது. மதியம் உலகத்தின் எந்த மூலையிலிருந்து கேட்டாலும் அந்த எண்ணுக்குப் பாயின் கடைப் பெயர் வந்தது. பாயின் பெண் நாலாவது முறையாக அதே கடிதத்தை அனுப்பினாள். திரும்பி வந்தது.

அரை மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் விளங்கியது. அந்தக் குழுவின் சர்வர் முன்பே கேட்டு, பெயர் இல்லை என்ற பதிலை வாங்கி வைத்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்காமல் அந்தப் பழைய பதிலையே கொஞ்ச நேரம் ஞாபகத்தில் வைத்திருக்கும். அது மறக்கும் வரை நாம் காத்திருக்க வேண்டியதுதான். போனில் பாயிடம் இதைச் சொன்னேன்.

"இல்லன்றத மட்டும் நல்லா ஞாபகம் வெச்சுக்கினு கீறான் பாரேன்" என்றார். அவர் குரலில் அன்றைக்குத்தான் முதல் முறையாகக் களைப்பு தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஐந்தாவது முறை. இந்த முறை திரும்பி வரவில்லை. பதிலும் வரவில்லை. பாய் ஜும்மா தொழுகைக்குப் போய்விட்டு வந்து எனக்குப் போன் செய்தார், இன்னும் பதில் வரவில்லையே என்று. சாயங்காலமும் செய்தார். அவர்கள் ஊரில் இப்போதுதான் விடிகிறது என்று நான் கணக்குச் சொன்னேன். அன்று வீட்டில் யார் என்ன கேட்டாலும் எரிந்து விழுந்தேன்.

சனிக்கிழமை பத்து மணி இருக்கும், பாயிடமிருந்து போன். "லெட்டர் வந்துகீது மா. பொண்ணு காலேஜுக்குக் கிளம்பிப் பூட்ச்சு. நீ வந்து படிச்சுச் சொல்லேன்."

ஓடினேன் என்றே சொல்ல வேண்டும். கடையில் வெட்டுகிற மேசை முழுக்க மயில் கழுத்துப் பட்டு விரித்திருந்தது. சுண்ணக்கோடுகூடப் போட்டு வைத்திருந்தார். அச்செடுத்த கடிதத்தை என்னிடம் நீட்டினார். நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன்.

உங்கள் கேள்வி எங்களை யோசிக்க வைத்தது. எட்டுப் பேரையும் அரைமண்டியில் உட்கார வைத்து மறுபடி அளந்தோம். நீங்கள் சொன்னதுதான் சரி. நாங்கள் கொடுத்த அளவுக்கு வெட்டியிருந்தால் எல்லாம் வீணாகியிருக்கும். புதிய அளவுச் சீட்டு இத்துடன் இருக்கிறது. தயவுசெய்து வெட்டத் தொடங்குங்கள். இந்த வேலையை உங்களைத் தவிர வேறு யாரிடமும் கொடுக்க எங்களுக்கு விருப்பமில்லை.

பாய் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். கடிதத்தில் இன்னொரு பத்தி இருந்தது.

உங்கள் முந்தைய கடிதங்கள் எங்களுக்கு வராமல் போனது ஏன் என்று எங்கள் கணினிப் பிரிவில் விசாரித்தோம். உங்களுக்கு இணைப்புக் கொடுக்கும் நிறுவனம் செய்திருக்க வேண்டிய ஒரு பதிவைச் செய்யாமல் விட்டிருந்ததுதான் காரணம் என்று சொல்கிறார்கள். வேறு நிறுவனத்துக்கு மாறுவதைப் பற்றி நீங்கள் யோசிக்கலாம்.

நான் நிறுத்தினேன். பாய்க்கு ஆங்கிலம் படிக்க வராது. 'இப்படிக்கு' என்று சொல்லிவிட்டு மடித்துக் கொடுத்தால் முடிந்தது. மாடி, சார், பிள்ளையார் பக்கத்துச் சட்டம் எல்லாம் கண் முன்னால் வந்து போயின.

"அவ்ளோதானா மா?" என்றார்.

"இல்ல பாய். இன்னும் கொஞ்சம் இருக்கு."

அந்தப் பத்தியையும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். "அந்தக் கம்பெனி நாங்கதான். வேலை என்னுது. ஒரு வருஷமா பண்ணலை. வெளிநாட்டுக்காரங்க கண்டிப்புன்னு திங்கட்கிழமை உங்ககிட்ட சொன்னேனே, அது பொய்."

பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். கத்திரிக்கோலை எடுத்தார்.

"தெரியும் மா. காலைலயே பொண்ணு படிச்சுக் காட்டிட்டுதான் பூட்ச்சு."

"அப்புறம் என்னை எதுக்குப் படிக்கச் சொன்னீங்க?"

"கனெக்‌ஷனை மாத்திடலாம்னு பொண்ணு சொல்லிச்சு. இரு, அந்த இன்டர்நெட் பொண்ணு எதுவரைக்கும் படிக்குதுன்னு பாத்துட்டு மாத்தலாம்னேன்."

எனக்கு முகம் சுட்டது. பட்டின் அந்தப் பக்கத்து ஓரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். சுண்ணக்கோட்டைப் புதிய அளவுக்குத் தள்ளிப் போட்டுவிட்டு, அவர் வெட்ட ஆரம்பித்தார்.